பழைய நேரம், புதிய நேரம்: ஒரு தரவுத்தளத்தை வாசித்தல்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய் இரவு, பதினோரு மணிக்கு மேல், ஒரு டேட்டாபேஸின் டைம் ஸோன் செட்டிங்கை மாற்றினேன். கிளவுடில் ஓடுகிற போஸ்ட்கிரஸ். கன்சோலுக்குள் போனால் பாராமீட்டர்களின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். டீஃபால்ட் பட்டியலில் கை வைக்க விடமாட்டார்கள். அதற்கு இணையாகப் புதிதாக ஒன்றை உருவாக்கி, 'டைம்ஸோன்' என்ற இடத்தில் யூ.டி.சி.யை எடுத்துவிட்டு 'ஏசியா/கொலம்போ' என்று போட்டு, அதை டேட்டாபேஸோடு இணைத்து ஒரு ரீபூட் செய்யவேண்டும். பத்து நிமிட வேலை. அன்று காலை பதிவான வரி ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. 2010இலிருந்து ஒன்று, 1990இலிருந்து ஒன்று, அவையும் சரி. படுக்கப் போய்விட்டேன்.

டேட்டாபேஸ் என்னுடையது இல்லை. ஈழத்திலிருந்து டொரன்டோவுக்குப் போன சிலர் தங்கள் குடும்ப வரலாறுகளைச் சேகரிக்கிறார்கள். யார் எங்கே பிறந்தார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தார், எப்போது இறந்தார். மணி தெரிந்தால் மணியும். நான் சென்னையில் இருந்துகொண்டு வாரக்கடைசிகளில் மென்பொருள் பக்கத்தைக் கவனித்துக்கொடுக்கிறேன். "எல்லாம் யூ.டி.சி.யில காட்டுது தம்பி, எங்கட நேரத்தில காட்டுங்கோ" என்று கேட்டார்கள். எங்கட நேரம் என்றால் இலங்கை நேரம், இலங்கை நேரம் என்றால் ஏசியா/கொலம்போ. இரண்டு சமன்பாடுகளையும் யோசிக்காமலேயே போட்டுவிட்டேன்.

மறுநாள் இரவு, அந்தத் திட்டத்தை நடத்துகிற அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, தங்கச்சியின்ர மகன் விடிய அஞ்சேகாலுக்குப் பிறந்தவன். இதில அஞ்சே முக்கால் எண்டு நிக்குது."

"டைப் பண்ணும்போது மாறியிருக்கும்க்கா."

"நான்தானே டைப் பண்ணினது."

பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. தங்கை 2009இல் இறந்துவிட்டார், சாதகக் குறிப்பு அந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது, அம்மம்மா வாயால் சொன்ன அந்த அஞ்சேகால் மட்டும்தான் மிச்சம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பையனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதும் தெரியாது. அவர் அப்போது சொன்னது வேறு.

"புதுக்குடியிருப்பில பிறந்தவன் தம்பி. எங்கட பக்கம் பழைய நேரம்தானே."

*

அன்று இரவு அவர்களுடைய பழைய எக்செல் கோப்புகளை எடுத்து, திரையில் வருகிற நேரத்தோடு வரிவரியாக ஒப்பிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். வந்த விடை விநோதமாக இருந்தது. 1996 மே 25க்கு முன்னால் பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோருக்கும் நேரம் சரி. 2006 ஏப்ரல் 15க்குப் பின்னால் உள்ளவர்களுக்கும் சரி. நடுவில் உள்ள பத்தாண்டுக்காரர்கள் எல்லோரும் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டிருந்தார்கள். அதிலும் 1996 மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை, அரை மணி அல்ல, ஒரு முழு மணி நேரம். நான் சோதித்துப் பார்த்த மூன்று வரிகளும் இந்தப் பத்தாண்டுக்கு வெளியே இருந்தன. டெஸ்ட் பாஸ்.

மென்பொருள்காரர் அல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரஸில் நேரத்தைச் சேமிக்க முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்றின் பெயர் 'டைம்ஸ்டாம்ப் வித்தவுட் டைம் ஸோன்'. கடிகாரத்தில் என்ன பார்த்தோமோ அதை அப்படியே வைத்துக்கொள்ளும், 5:15 என்றால் 5:15. மற்றது 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்'. பெயரைப் பார்த்தால் நேரத்தோடு அதன் டைம் ஸோனையும் சேர்த்து வைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வைக்காது. எட்டு பைட்டுகள், அதற்குள் ஒரே ஒரு எண், யூ.டி.சி.யில் ஒரு கணம். உள்ளே போகும்போது உங்கள் செஷனின் ஸோனை வைத்துக் கழித்துக்கொள்ளும், வெளியே வரும்போது அப்போதைய செஷனின் ஸோனை வைத்துக் கூட்டிக் காட்டும். எந்த ஊர் கடிகாரத்தைப் பார்த்து அந்த மணி சொல்லப்பட்டது என்பதை உள்ளே போகிற வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடும். இந்த 'வித்' என்கிற சொல் மென்பொருள் உலகின் பெரிய பொய்களில் ஒன்று என்பேன். தரநிலையில் வந்த பெயர், மாற்ற வழியில்லை என்பார்கள். இருக்கட்டும். தலைப்பில் பொய் சொல்கிற நாவலை நாம் மன்னிப்பதில்லையே.

நடந்தது இதுதான். எக்செல்லிலிருந்து டேட்டாபேஸுக்கு ஏற்றிய ஸ்கிரிப்ட் ஜாவாவில் எழுதியது, என் லேப்டாப்பிலிருந்து ஓடியது. ஜாவா டிரைவர் யாரிடமும் கேட்காமல் தான் ஓடும் கணினியின் ஸோனைச் செஷனுக்குக் கொடுத்துவிடும். அதனால் புதுக்குடியிருப்பின் 5:15, சென்னையின் 5:15ஆக, அதாவது ஏசியா/கொல்கத்தாவாக உள்ளே போனது. யூ.டி.சி.யில் முந்தைய நாள் 23:45. தளம் பைத்தானில் எழுதியது, சர்வர் சொல்வதைக் கேட்டுக் காட்டும். சர்வரை நான் கொழும்புக்கு மாற்றினேன். பையன் பிறந்த 2000ஆம் ஆண்டில் கொழும்பின் நேரம் யூ.டி.சி.யை விட ஆறு மணி முன்னால். 23:45ஓடு ஆறைக் கூட்டினால் 5:45.

கணக்கில் பிழையே இல்லை. பிழை இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

கொழும்புக்கு 2000இல் ஆறு மணி என்று சர்வருக்கு யார் சொன்னது? இந்தக் கேள்வியில்தான் அந்தப் பிரதிக்குள் நுழைந்தேன். பிரதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். டிஇசட் டேட்டாபேஸ் என்று அழைக்கப்படும் அது உங்கள் ஃபோனிலும், நான் மாற்றிய சர்வரிலும், ஏறக்குறைய நேரம் காட்டும் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. டேட்டாபேஸ் என்ற பெயர்தானே தவிர, அது சில சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று கண்டத்துக்கு ஒரு கோப்பு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி வளர்த்தது. பிற்பாடு பால் எக்கர்ட் அதன் தொகுப்பாசிரியர். இரண்டு பேரும் தன்னார்வலர்கள்.

கோப்பைத் திறந்தால் இரண்டு விதமான வரிகள். ஹாஷ் குறி இல்லாத வரிகள் கணினிக்கானவை: இந்த ஊர், இந்தத் தேதி வரை, யூ.டி.சி.யிலிருந்து இவ்வளவு. ஹாஷ் குறியோடு தொடங்குகிற வரிகள் மனிதருக்கானவை, உரைக்குறிப்புகள். ஒரு நாளிதழ்ச் செய்தி, ஓர் அமைச்சரின் அறிவிப்பு, யாரோ ஒரு பயணி எழுதிய மின்னஞ்சல், அதை மறுத்து இன்னொருவர் எழுதியது, கடைசியில் தொகுப்பாசிரியரின் முடிவு. பல இடங்களில் மூலத்தை விட உரை நீளம். நமக்குப் பழக்கமான வடிவம்தான். சூத்திரம் ஒரு வரி, அதற்கு உரையாசிரியர்கள் மூன்று பேர், மூவரும் தங்களுக்குள் சண்டை. கோப்பின் தலைப்பிலேயே, இது அதிகாரபூர்வமானது இல்லை, உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தால் திருத்தி எங்களுக்கும் அனுப்புங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. இவ்வளவு அடக்கத்தோடு பேசிக்கொண்டே உலகத்தின் கடிகாரங்களை ஆளும் வேறு பிரதி எனக்குத் தெரியாது.

ஆனால் கணினிக்குள் போவதற்கு முன் இந்தக் கோப்புகள் ஒரு மொழிமாற்றியின் வழியாகப் போகின்றன. அது முதலில் செய்கிற காரியம் ஹாஷ் வரிகளைத் தூக்கிப் போடுவது. உங்கள் ஃபோனில் இருப்பது உரை நீக்கிய மூலம்.

இதற்கு ஒரு வழக்கும் உண்டு. 2011 செப்டம்பர் கடைசியில் அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம், தங்களுடைய அட்லஸின் தரவுகளை எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. ஓல்சன் தன் சர்வரை மூடினார். உலகத்தின் நேரம் சில நாட்களுக்கு வீடில்லாமல் நின்றது. பிறகு ஐ.ஏ.என்.ஏ. என்ற இணைய நிர்வாக அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது, 2012 பிப்ரவரியில் வழக்கும் வாபஸ் ஆனது. என் நண்பர்கள் இதை ஒரு ஜோக்காகச் சொல்வார்கள்: ஜோசியக்காரன் கம்ப்யூட்டர்காரன் மேல கேஸ் போட்டான்! எனக்கு அது ஜோக்காகத் தெரியவில்லை. ஓர் ஊரில் ஒரு நாளில் கடிகாரம் உண்மையில் என்ன காட்டியது என்ற கேள்வியை நமக்கு முன்னால் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜோதிடர்கள்தான். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை பிறந்தவர்களின் நேரத்தில் யுத்த கால ஒரு மணியைக் கழிக்கவேண்டும் என்று நம்மூர்ப் பெரிய ஜோதிடர்களுக்குத் தெரியும். என் தாத்தாவின் ஜாதகத்தில் பென்சிலில் அந்தக் கழித்தல் இருக்கிறது. எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை, அந்தப் பென்சில் கணக்கில் இருக்கிறது.

*

ஆசியா கோப்பில் கொழும்புக்குப் போவதற்கு முன் கொல்கத்தாவைப் பார்க்கவேண்டும். இந்தியா முழுமைக்கும் அந்த ஒரு பதிவுதான். நகரம் 2001இல் பெயர் மாற்றிக்கொண்டது, ஆனால் 'ஏசியா/கல்கத்தா'வும் மாற்றுப்பெயராக இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் செட்டிங்கை மாற்றிய அன்று பட்டியலில் இரண்டும் நின்றன. பழைய பெயர்களை வைத்துக்கொள்வதற்கென்றே தனிக் கோப்பு இருக்கிறது, அதன் பெயர் 'பேக்வர்ட்'. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை.

கொல்கத்தாவின் பதிவு 5:53:28 என்று அந்த ஊரின் சூரிய நேரத்தில் தொடங்குகிறது. 1854இலிருந்து 5:53:20, ஹவுரா நேரம். அப்புறம் 1870இல் திடீரென்று 5:21:10க்கு இறங்குகிறது, எம்.எம்.டி. என்ற குறியோடு. அதுதான் மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணக்கிட்டு, ரயில்வேக்காக நாடு முழுக்கப் போன நேரம். 1906இல் இன்றைய 5:30 வரும்வரை அது அங்கே நிற்கிறது. மெட்ராஸுக்குத் தனிப் பதிவு கிடையாது. ஆனால் கல்கத்தாவின் வயிற்றுக்குள் முப்பத்தாறு ஆண்டுகள் நம் ஊரின் மணி ஓடியிருக்கிறது. முதலில் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் கூடப் போட்டேன்.

யோசிக்கும்போதுதான் உறுத்தியது. கல்கத்தா மனிதர்கள் 1870இல் மெட்ராஸ் நேரத்துக்கு மாறிவிடவில்லை. அவர்கள் தங்கள் ஊர் நேரத்தை 1948 வரை வைத்திருந்தார்கள், பம்பாய்க்காரர்கள் 1955 வரை. மாறியது ரயிலின் நேரம். வரியில் ரயில் நேரம் இருக்கிறது. வீட்டில், சந்தையில் ஓடிய நேரம் வரிக்கு வெளியே இருக்கிறது. ஒரு காலத்துக்கு ஒரு வரிதான் என்ற வடிவத்தை ஏற்றுக்கொண்டவுடன் யாரோ ஒருவரின் கடிகாரத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

கொழும்பின் பதிவிலும் எம்.எம்.டி. என்று ஒன்று வருகிறது. இது மொறட்டுவ நேரம், 5:19:32. அதே மூன்றெழுத்து, ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி வித்தியாசம். சுருக்கெழுத்துகள் இப்படித்தான் காலை வாரும். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் போஸ்ட்கிரஸிடம் 'ஐ.எஸ்.டி.' என்று கொடுத்து மூன்றரை மணி நேரம் பிசகி, ஒரு முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அதன் டீஃபால்ட் அகராதியில் ஐ.எஸ்.டி. என்றால் இஸ்ரேல். இந்தியா வேண்டுமானால் அதற்கென்று தனி அகராதியை ஏற்றவேண்டும்.

சரி, கொழும்பு. 1996 மே 25, நள்ளிரவு: மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக ஐந்தரையிலிருந்து ஆறரை. அதே ஆண்டு அக்டோபர் 26: ஆறரையிலிருந்து ஆறு. 2006 ஏப்ரல் 15, 0:30: மறுபடியும் ஐந்தரை. சித்திரைப் புத்தாண்டு இரவில் முள்ளை அரை மணி பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள். மூன்றே மூன்று வரிகள். என் ஸ்கிரிப்ட் கண்டுபிடித்த எல்லைகள் இவைதான். கணினிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இந்த வரிகளுக்கு மேலே ஹாஷ் குறிகளுக்குப் பின்னால் வேறொரு கதை நிற்கிறது. 2006 ஏப்ரலில் வந்த ஒரு செய்தி நிறுவனக் குறிப்பு அங்கே எடுத்தாளப்பட்டிருக்கிறது: விடுதலைப் புலிகள் 1996இன் நேர மாற்றத்தை ஏற்கவே இல்லை, இந்தியாவைப் போல் ஐந்தரையிலேயே தங்கள் கடிகாரங்களை வைத்திருந்தார்கள் என்று. அதன் கீழே, சில நாள் கழித்துத் தேதியிட்டுத் தொகுப்பாசிரியரின் முடிவு. தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் ஏசியா/கொல்கத்தாவைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 முதல் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று.

இதை வாசித்தபோது மணி ஒன்றரை இருக்கும். அக்கா "பழைய நேரம்" என்று சொன்ன சொல்லுக்கு ஒரு சாட்சி, கலிஃபோர்னியாவில் ஒருவர் எழுதிய குறிப்பில், உலகத்தின் எல்லா சர்வர்களுக்கும் போகிற பொட்டலத்தில், எந்த சர்வருக்கும் போய்ச் சேராத ஒரு வரியில் இருக்கிறது.

*

பிரதியின் மேல் எனக்குள்ள விமர்சனத்தைச் சொல்வதற்கு முன், அதன் விதியை அதற்குரிய மரியாதையோடு சொல்லவேண்டும். டிஇசட் டேட்டாபேஸ் நாடுகளைப் பட்டியலிடுவதில்லை. 1970 ஜனவரி 1க்குப் பிறகு கடிகாரங்கள் முழுக்க ஒத்துப்போன ஒரு நிலப்பகுதி என்பதே அதன் அலகு. அந்தப் பகுதியில் பெரும்பாலும் மக்கள்தொகை மிகுந்த ஊரின் பெயரை அதற்குச் சூட்டுவார்கள். நாட்டின் பெயரை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள், நாடுகள் அடிக்கடி மாறும், சண்டையும் வரும் என்பதால். அதைவிட முக்கியம், அரசாங்கம் என்ன உத்தரவு போட்டது என்பதை அல்ல, மக்கள் உண்மையில் என்ன மணி வைத்துக்கொண்டார்கள் என்பதையே பதிவு செய்யப் பார்க்கிறது. சின்ஜியாங்கைப் பாருங்கள். சீன அரசைப் பொறுத்தவரை அங்கேயும் பெய்ஜிங் நேரம்தான். ஆனால் அங்கே பலர், முக்கியமாக உய்குர்கள், இரண்டு மணி நேரம் பின்தங்கிய தங்கள் நேரத்தையும் வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸில் ஏசியா/உரும்சி என்று அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. ஒரு தன்னார்வலரின் எழுத்துக் கோப்பு இதைச் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

அப்படியானால் வன்னிக்கு ஏன் வரி இல்லை? விதியை மீறியதால் இல்லை, விதியைச் சரியாகப் பின்பற்றியதால். வன்னியின் கடிகாரம் தற்செயலாகக் கொல்கத்தாவோடு ஒத்துப்போனது. ஐந்தே முக்கால் என்று வைத்திருந்தால் அதே விதி வன்னிக்கு ஒரு பதிவைக் கேட்டிருக்கும். ஐந்தரை என்பதால் கேட்கவில்லை. ஒத்துப்போகிற இரண்டு கடிகாரங்கள் ஒரே கடிகாரம் என்பது இந்தப் பிரதியின் அடிப்படை நம்பிக்கை. பொறியியலுக்கு அது போதும். புதுக்குடியிருப்பில் 5:15 என்று காட்டிய கடிகாரமும் கொல்கத்தாவில் 5:15 என்று காட்டிய கடிகாரமும் ஒரே எண்ணைக் காட்டின என்பது உண்மை, ஆனால் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மாற மறுத்துக்கொண்டிருந்தது. ஏ9 சாலை திறந்த பிறகு ஓமந்தையைக் கடந்து வந்தவர்கள் கடிகாரத்தில் அரை மணியை மாற்றவேண்டியிருந்தது. கொல்கத்தாவில் யாருக்கும் அந்த வேலை இல்லை.

இதையும் சொல்லிவிடவேண்டும். பழைய நேரத்தில் நின்றதை மக்களின் தேர்வு என்று நான் உருகப்போவதில்லை. கொழும்பின் நேரம் ஓர் ஆணை என்றால், அதை ஏற்காததும் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் ஆணைதான். நடுவில் இருந்தவர்களிடம் யாரும் எந்த நேரம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அவர்கள் அந்த மணியில்தான் பிள்ளை பெற்றார்கள்.

1970 என்ற எல்லையைப் பற்றியும் ஒரு சொல். யூனிக்ஸ் கணினிகள் அந்தத் தேதியிலிருந்து நொடிகளை எண்ணத் தொடங்குகின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு புனிதம் இல்லை. 2022இல் இந்த எல்லையை இன்னும் கறாராக்கினார்கள். 1970க்குப் பின் பெர்லினோடு ஒத்துப்போகிறது என்பதால் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, கோபன்ஹேகன் எல்லாம் பெர்லினின் மாற்றுப்பெயர்களாயின. அவற்றின் பழைய வரலாறு 'பேக்ஸோன்' என்ற, வழக்கமாகக் கணினியில் சேராத ஒரு கோப்புக்குப் போனது. விளைவு, 1943 கோடையில் ஸ்டாக்ஹோமில் மணி என்ன என்று கேட்டால், டீஃபால்ட்டாகக் கட்டப்பட்ட கணினி பெர்லினின் யுத்த காலக் கோடை நேரத்தைச் சொல்லும். போரில் நடுநிலை வகித்த நாட்டின் கடிகாரத்துக்கு! மடலாடல் குழுவில் பெரிய சண்டை நடந்தது. எக்கர்ட்டின் பக்கத்து வாதம் பலமானது: சில நாடுகளுக்கு மட்டும் 1970க்கு முந்தைய வரலாற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு விடுவது அநீதி, எல்லோருக்கும் ஒரே விதி. நீதிதான். ஆனால் நினைவை எல்லோரிடமிருந்தும் சமமாகக் குறைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. வேண்டுமென்றால் பேக்ஸோனைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். கிளவுடில் வாடகைக்கு இருப்பவன் எதைக் கட்டிக்கொள்வது? பட்டியலில் இருக்கிற பெயரைச் சொடுக்க மட்டும்தான் எனக்கு உரிமை.

என் குறை உண்மையில் வரி இல்லாததைப் பற்றி அல்ல. ஏசியா/கிளிநொச்சி என்று ஒரு பதிவைக் கேட்டு நான் மனு எழுதப்போவதில்லை. எழுதினாலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதுவேன்? அந்த ஊர் 1996 செப்டம்பரில் ராணுவத்திடம் போய், 1998 செப்டம்பரில் புலிகளிடம் திரும்பி, 2009 ஜனவரியில் மீண்டும் ராணுவத்திடம் போனது. ஊரின் பெயரை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு, அந்த வடிவத்துக்குள் அவை அடங்காது. என் குறை, அந்த ஹாஷ் குறிப்பை எழுதிய மனசாட்சிக்கும் அதைத் தூக்கிப் போடுகிற மொழிமாற்றிக்கும் நடுவில் என்னைப் போன்றவர்கள் நிற்கிறோம், நின்றுகொண்டு மூன்று வரிகளைச் சோதித்துவிட்டுத் தூங்கப் போகிறோம் என்பது. கோப்பு எப்போதும் திறந்துதான் கிடந்தது. பத்து வருடமாக டைம் ஸோன் பட்டியலில் சொடுக்குகிறேன், ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

*

சரிசெய்யும் வேலை செட்டிங்கை மாற்றியது போல் பத்து நிமிடத்தில் முடியவில்லை. சர்வரை முதலில் யூ.டி.சி.க்கே திருப்பினேன். எல்லா வரிகளும் என் லேப்டாப்பின் கொல்கத்தா வழியாகத்தான் உள்ளே போயிருந்தன என்பதால், அதே கொல்கத்தாவை வைத்து வெளியே எடுத்தால் அவர்கள் டைப் செய்த மணி அப்படியே கிடைத்தது. அதிர்ஷ்டம்தான், வேறென்ன. ஆனால் மணி கிடைத்தால் போதாது. புதுக்குடியிருப்பு அஞ்சேகாலுக்கு உள்ளே சேமித்திருந்த கணம் சரி, காட்டியது தப்பு. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலோ வவுனியா டவுனிலோ பிறந்த பிள்ளைக்கு, அங்கே கொழும்பு நேரம் என்பதால், சேமித்த கணமே தப்பு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி அரை மணி தள்ளித் தெரிந்தன. ஒரே பிழை என்று நினைத்து ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் திருத்தியிருந்தால் பாதிப் பேரின் கணத்தைக் கெடுத்திருப்பேன்.

டொரன்டோவில் பையனுக்குச் சாதகம் எழுதிய ஐயரின் மென்பொருளும் நாடு இலங்கை என்று தேர்ந்தவுடன் ஆறு மணியைத்தான் எடுத்திருக்கிறது. அக்கா ஐயரிடம் போய்ச் சண்டை போட்டாராம். அவர் வயதானவர், வல்வெட்டித்துறைக்காரர், உடனே புரிந்துகொண்டு அரை மணியைக் கையால் திருத்தினார் என்று சொன்னார். லக்கினம் மாறியதா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில், சொன்ன மணியைச் சொன்னபடியே ஒரு நிரலில் வைத்தேன், 'வித்தவுட்' வகையில். பக்கத்தில் ஊர். அதற்குப் பக்கத்தில் எந்தக் கடிகாரம் என்பதற்கு ஒரு பட்டியல், முதலில் டைம் ஸோன் பெயர்களையே போட்டிருந்தேன். அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, இதென்ன எங்கட ஊருக்குக் கல்கத்தா எண்டு வருது?"

விதியை விளக்கினேன். 1970, ஒத்துப்போதல், மக்கள்தொகை மிகுந்த ஊர். பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது. ஆனா நான் அம்மாட்டக் கேக்கேக்க, கல்கத்தா நேரமோ கொழும்பு நேரமோ எண்டு என்னெண்டு கேக்கிறது?"

பட்டியலை மாற்றினேன். பழைய நேரம், புதிய நேரம், தெரியாது. பெயர்களுக்குப் பின்னால் கணினிக்காக நான் எதைக் கட்டியிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் என்னைப் போல இன்னொருவர் நாளை அதைத் தொடுவார் என்பதால், ஒவ்வொரு வரிக்கும் ஏன் இந்த முடிவு என்று எழுத ஒரு குறிப்பு நிரலும் சேர்த்தேன், அழிக்க முடியாதபடி.

பிறகு அவர்கள் அந்தப் பத்தாண்டுக்காரர்கள் ஒவ்வொருவரையும் மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததா, வீட்டிலா, யார் மணி பார்த்தது. அதிகம் வந்த பதில் 'பழைய நேரம்'. சிலருக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது, எங்களுக்கு இருந்தது ஒரு நேரம்தானே என்றார்களாம். போன வாரம் வந்த ஒரு பதிவில், 1999இல் மல்லாவியில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு, மணி மூன்றே பத்து என்றும் எந்தக் கடிகாரம் என்ற இடத்தில் 'தெரியாது' என்றும் இருந்தது. குறிப்பு நிரலில் பாட்டி சொன்னதை அக்கா அப்படியே டைப் செய்திருந்தார்: சுவர் மணிக்கூடு மூண்டே பத்தில நிண்டுது, அது ஓடிக்கொண்டிருந்ததோ எண்டு அப்ப ஆர் பாத்தது.

அந்த வரிக்கு யூ.டி.சி. எதையும் நான் கணக்கிடவில்லை.